தொட்டியடியில் நின்ற பன்னிரண்டு பெண்கள்

ஆடி பிறந்து மூன்றாம் நாள், பதினொன்று இருபதுக்கு வரவேண்டிய தென்காசி பஸ் பன்னிரண்டு மணிக்கு வெள்ளாங்குறிச்சியில் வந்து நின்றபோது, அதிலிருந்து வாழைத்தாரோடு ஒரு வியாபாரியும், ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பிய ஒரு புருஷன் பெண்டாட்டியும், இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முந்திய கிரேக்க நாடகம் ஒன்றின் கோரஸும் இறங்கினார்கள்.

கோரஸ் என்றால் பன்னிரண்டு பெண்கள். எல்லாரும் நாற்பதைத் தாண்டியவர்கள், சாம்பல் நிறத்தில் ஒரே மாதிரித் துணி உடுத்தியவர்கள், தலைமுடியைக் காதுக்குமேல் ஒட்ட வெட்டியவர்கள். திருச்செந்தூரில் முடியிறக்கிவிட்டு வருகிற குடும்பம் என்று நினைத்து கண்டக்டர் டிக்கெட் கேட்டிருக்கிறார். பன்னிரண்டு பேரும் ஒரே வாயாக இங்கிலீஷில் என்னமோ சொன்னார்கள், அதில் ‘சாரி’ மட்டும்தான் தனக்கு விளங்கியது என்று அவர் பிறகு எல்லா ஊரிலும் சொல்லிக்கொண்டு போனார்.

அவர்கள் யார் என்று கண்டுகொண்டவள் அங்கயற்கண்ணி. அவள் பக்கத்துக் கல்லூரியில் இங்கிலீஷ் வாத்தியார்; ஊர் முழுக்க டீச்சர் என்றுதான் கூப்பிடும். அன்று காலை முதல் பீரியடில் மூன்றாம் வருஷத்துப் பெண்கள் நாடகப் புத்தகத்தைத் திறந்துவிட்டு, “மேடம், நாப்பத்தோராம் பக்கம் வெறும் பக்கமா இருக்கு” என்றார்கள். ஐம்பதாம் பக்கமும் அப்படித்தான் இருந்தது. முப்பத்துநாலு பிரதிகளிலும் ராஜா பேசுவது இருந்தது, தூதன் பேசுவது இருந்தது, கோரஸ் பேசவேண்டிய இடமெல்லாம் சலவைக்குப் போட்டு எடுத்ததுபோல் வெள்ளையாக இருந்தது. அச்சகத்துக்காரன் செய்த கோளாறு என்று நினைத்துக்கொண்டு அவள் அரைநாள் லீவில் வீட்டுக்குத் திரும்பியபோதுதான், பஸ் ஸ்டாண்டில் அந்தப் பன்னிரண்டு பேரையும் பார்த்தாள். பார்த்ததும், ஓ, இங்கேயா வந்துவிட்டார்கள் என்று தோன்றியதே தவிர வேறொன்றும் தோன்றவில்லை.

அந்த நாடகம் ஒரு கோட்டைச் சுவரின் கதை. எழுதினவன் பேர்கூட மிஞ்சவில்லை. சுவர் பலமாக இருக்கிறது என்று ராஜா சொல்வான், விரிசல் கண்டிருக்கிறது என்று தூதன் சொல்வான். ஊர்ப்பெண்கள் பன்னிரண்டு பேர் எல்லாவற்றையும் பார்ப்பார்கள், பார்த்ததைச் சொல்வார்கள், சொல்லிவிட்டு அந்த இடத்திலேயே நிற்பார்கள். கோரஸுக்கு விதித்தது அவ்வளவுதான். போன வருஷம்தான் பாடத்திட்டத்தில் பழைய இங்கிலீஷ் மொழிபெயர்ப்பை எடுத்துவிட்டு இந்தக் காலத்து மொழிபெயர்ப்பைப் போட்டிருந்தார்கள். பழையதில் அவர்கள் சர்ச்சில் பூசை வைப்பதுபோல் பேசுவார்கள். புதியதில் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி பேசுவதுபோல். “அதுவும் நல்லதுக்குத்தான்” என்றார், அவள் போய் விஷயத்தைச் சொன்னபோது பிரின்சிபால். “பழைய புஸ்தகத்திலேர்ந்து இறங்கியிருந்தா உங்களுக்கே பாதி புரிஞ்சிருக்காது.”

பன்னிரண்டு பேரும் நேராகப் போய்த் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் நின்றார்கள். வெள்ளாங்குறிச்சியில் நிழல் என்றால் அந்த மேல்நிலைத் தொட்டியின் நிழல்தான். எட்டுத் தூண்கள்மேல் எழும்பி நிற்கும் அதன் அடியில் சப்பாணிமுத்துவின் டீக்கடை, ஆட்டோ ஸ்டாண்ட், ஓடுபோட்ட பால்வாடி எல்லாம் இருந்தன. பால்வாடி ஆயா உச்சிமாகாளி முதல் நாளே சத்துமாவு உருண்டை பன்னிரண்டு பிடித்துக் கொடுத்தாள். சப்பாணிமுத்து பன்னிரண்டு கிளாஸில் டீ போட்டுக் கொடுத்தான். அவர்கள் ஒரே நேரத்தில் எடுத்து, ஒரே நேரத்தில் குடித்து, ஒரே சத்தமாகக் கீழே வைத்தார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்பதற்கென்றே நாலு பேர் கூடுதலாகக் கடைக்கு வர ஆரம்பித்ததால் அவன் அவர்களிடம் காசு கேட்கவில்லை. பேரூராட்சித் தலைவர் திருமலைக்கொழுந்து பழைய பஞ்சு கோடவுனைத் திறந்து அவர்களுக்குப் படுக்க இடம் கொடுத்தார். கிராம அலுவலர் வந்து, இவர்களை ஒரு ஆள் என்று எழுதுவதா பன்னிரண்டு ஆள் என்று எழுதுவதா என்று மூன்று நாள் யோசித்து, கடைசியில் வாய் ஒன்று, வயிறு பன்னிரண்டு என்று எழுதிக்கொண்டு போனார். ஒரு மாதத்துக்குள் ஊருக்கு அவர்கள் பழகிப்போனார்கள். குறுக்கே நிற்கும் மாட்டை ஒதுக்குவதுபோல் “கொஞ்சம் நவுந்துக்கோங்கம்மா” என்று சொல்லிவிட்டு ஆட்டோக்காரர்கள் வண்டியைத் திருப்பினார்கள். சாவு வீடுகளில் அவர்களைத் தேடினார்கள். கல்யாண வீடுகளில் அவர்களுக்கென்று ஒரு பந்தி ஒதுக்கினார்கள்.

அவர்கள் புதிதாக ஒன்றையும் சொல்லிவிடவில்லை. ஊரில் எல்லாருக்கும் தெரிந்ததை, யாரும் வாயால் சொல்லாததை, சத்தமாகச் சொன்னார்கள். இங்கிலீஷில் சொன்னதால் ஊருக்கு விளங்கவில்லை. கல்லூரி முடிந்து நாலரை மணிக்கு அங்கயற்கண்ணி வந்து இறங்குவாள், டீக்கடை பெஞ்சிலிருந்து யாராவது எழுந்து இடம் கொடுத்துவிட்டு, “என்ன சொல்லுதாவ டீச்சர்?” என்பார்கள். அவள்தான் ஊருக்கு அவர்களுடைய வாய்.

அந்த வாய் ஆவணி முதல் முகூர்த்தத்திலேயே பொய் சொன்னது. உச்சிமாகாளியின் மகள் செண்பகத்துக்குக் கல்யாணம். தாலி கட்டுகிற நேரத்தில் கோரஸ் சொன்னது: “மாப்பிள்ளை பெண்ணின் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் அம்மா பெண்ணின் கழுத்தைப் பார்க்கிறாள். பெண் வாசலைப் பார்க்கிறாள். நாங்கள் சாப்பிடப் போகிறோம்.” மேளக்காரர்கள்கூட நிறுத்திவிட்டு டீச்சர் முகத்தைப் பார்த்தார்கள். மணமேடையில் நின்று எதைச் சொல்ல முடியும்? “பதினாறும் பெத்துப் பெருவாழ்வு வாழணும்னு சொல்லுதாவ” என்றாள் அங்கயற்கண்ணி. எல்லாருக்கும் சந்தோஷம். உச்சிமாகாளி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஒருமுறை வழுக்கிய பிறகு இரண்டாம் முறை கால் தானாகப் போனது. பங்காளிச் சண்டையில், சாவு வீட்டில், பேர் வைக்கிற வீட்டில், கசப்பாக வந்ததையெல்லாம் அவள் வெல்லம் போட்டுக் கொடுத்தாள்.

ஆனால் அவளைத் தூங்கவிடாமல் செய்தது கல்யாண வீடு இல்லை. தினம் சாயங்காலம் தொட்டிக்கு அடியில் நின்று அந்தப் பன்னிரண்டு பேரும் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார்கள்: “தலைக்கு மேலே இருப்பது களைத்துவிட்டது. மூன்றாம் தூண் பிளந்திருக்கிறது. அதில் கலந்த மணல் நல்ல மணல் இல்லை.” அங்கயற்கண்ணி, “தலைக்கு மேல தண்ணி தந்த மகராசன் நல்லா இருக்கட்டும்ங்காவ” என்பாள்.

ஊர் அதை நம்பியதில் ஆச்சரியமில்லை. அந்தத் தொட்டி வருவதற்கு முன்னால் வெள்ளாங்குறிச்சிப் பெண்கள் மூன்று மைல் நடந்து பொட்டல் கிணற்றில் தண்ணீர் எடுத்தார்கள். வயிற்றில் பிள்ளையோடு நடந்தார்கள், பிள்ளையைப் பெற்ற பதினோராம் நாள் நடந்தார்கள். பதினாலு வருஷத்துக்கு முன்னால் திருமலைக்கொழுந்து அலைந்து திரிந்து தொட்டியைக் கட்டி, வாசலுக்கு வாசல் குழாய் வைத்தார். அந்த மனுஷன் கட்டியதைப் பார்த்துக் குறை சொல்ல யாருக்கும் நாக்கு வரவில்லை. மூன்றாம் தூணில் விரல் நுழைகிற அளவுக்கு விரிசல் இருப்பதைப் பார்க்காதவர்கள் ஊரில் இல்லை. மேலேயிருந்து பால்வாடி வாசலில் சிமெண்டுப் பொருக்கு உதிர்வதை உச்சிமாகாளி தினமும் பெருக்கித் தள்ளினாள்.

கட்டியபோது பக்கத்தில் நின்று பார்த்து, வேலை திருப்தி என்று கையெழுத்துப் போட்டவர் ஓவர்சியர் பூவலிங்கம். அவர் அங்கயற்கண்ணியின் புருஷன்.

புரட்டாசியில் ஒரு விடியற்காலை, அடுப்பில் பால் வைத்திருந்தபோது, பூவலிங்கம் அடுக்களை வாசலில் வந்து நின்றார். ரிடையராவதற்கு ரொம்ப முன்பிருந்தே தினம் காலை நடக்கப் போகிறவர். அன்று செருப்பைக் கழற்றாமல் நின்றார்.

“நேத்து நான் டீக்கடையில இருந்தேன்” என்றார்.

“பாத்தேன்.”

“எனக்கு உன் அளவுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனா மணலுக்கும் தூணுக்கும் இங்கிலீஷ்ல என்னன்னு தெரியும், கண்ணி. முப்பது வருஷம் அதைத்தான் எழுதியிருக்கேன்.”

அவள் பாலைப் பார்த்துக்கொண்டே நின்றாள். “உங்களுக்காகத்தான் மாத்திச் சொல்லுதேன்.”

“தெரியும்.” அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். “லாரி வந்து மணல் கொட்டின அன்னைக்கு ஒரு சிட்டிகை எடுத்து நாக்குல வச்சுப் பாத்தேன். உவரு. ஓடை மணல். உள்ள இருக்க கம்பிய அரிச்சிரும். திருப்பி அனுப்புங்கன்னேன். கொழுந்து அண்ணாச்சி, ‘அடுத்த லோடு நல்லதா வரும், இதுக்காக வேலைய நிறுத்துனா பொம்பளையோ இன்னும் ஒரு கோடை நடக்கணும் ஓவர்சியர்’ன்னாரு. அது நெசந்தான. நீயும்தான நடந்துக்கிட்டிருந்த. கையெழுத்தப் போட்டுட்டேன். அடுத்த லோடும் அதே மணல்தான். நான் காலையில நடக்கப் போறேன்னு எங்க போறேன்னு நினைக்க? அந்தத் தூணத்தான் பாத்துட்டு வாரேன். பதினாலு வருஷமா.”

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. இரண்டு பேரும் இறக்கவில்லை.

ஐப்பசியில் செண்பகம் பெட்டியோடு தாய்வீட்டுக்குத் திரும்பி வந்தாள். மறுநாள் கல்லூரி பஸ்ஸிலிருந்து இறங்கிய அங்கயற்கண்ணியை உச்சிமாகாளி பால்வாடி வாசலில் மறித்தாள்.

“டீச்சர், அன்னைக்கு என் மவ கல்யாணத்துல அவுகோ என்ன சொன்னாவ? நெசத்தச் சொல்லுங்க.”

அங்கயற்கண்ணி சொன்னாள். ஒரு சொல்லையும் விடாமல், மூச்சுவிடாமல் சொன்னாள். உச்சிமாகாளி திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று காத்து நின்றாள். உச்சிமாகாளி விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு மெதுவாகச் சொன்னாள்:

“அது எனக்கும் தெரிஞ்சுதான் இருந்துச்சு. நிச்சயம் பண்ணின அன்னைக்கே தெரிஞ்சுது. யாராவது ஒரு ஆளு வாயத் தொறந்து சொன்னா நானும் வேண்டாம்னு எந்திரிச்சிருவேன்னு காத்துக்கிட்டே இருந்தேன். நீங்க பதினாறும் பெத்துன்னீய.” பிறகு மேலே கையைக் காட்டினாள். “அப்ப இதுக்கு என்ன சொல்லுதாவ? தெனமும் இந்தத் தூணப் பாத்துல்லா சொல்லுதாவ?”

“நாளைக்குச் சொல்லுதேன்” என்றாள் அங்கயற்கண்ணி.

நாளைக்கு என்று அவள் சும்மா சொல்லவில்லை. அம்மன் கோயில் கொடை விழா நெருங்கியிருந்தது. எப்போதும் பாதிக்குமேல் ஏற்றாத தொட்டியை, கொடைக்கு வரும் ஜனத்துக்காக விளிம்புவரை நிரப்ப முடிவு செய்து, மறுநாள் காலை பத்து மணிக்குத் தொட்டியடியில் பந்தல் போட்டு, மாலை போட்டு, மோட்டாரைத் தலைவர் கையால் போட ஏற்பாடாகியிருந்தது. கோரஸ் வாழ்த்துச் சொல்லும், டீச்சர் தமிழில் சொல்வாள் என்று மைக் வேறு கட்டியிருந்தார்கள். காலையில் பூவலிங்கம் தானும் வருவதாக வெள்ளை வேட்டியை எடுத்து உடுத்தினார். அதைப் பார்த்து அவளுக்குத் தைரியமும் வந்தது, அழுகையும் வந்தது.

ஊரே கூடியிருந்தது. பால்வாடிக்குள் பிள்ளைகள் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தன. பன்னிரண்டு பெண்களும் பந்தலுக்கு நடுவில் நின்று, ஒரே குரலில், அவசரமே இல்லாமல் பேசினார்கள். திருமலைக்கொழுந்து கைகூப்பிக் கேட்டார். முடிந்ததும் எல்லாக் கண்ணும் மைக்குக்குத் திரும்பியது.

அவர்கள் சொன்னதில் ஒரு சொல்லில் அவள் மாட்டிக்கொண்டாள். இங்கிலீஷில் அது ‘வீ’ என்ற ஒரே சொல். தமிழில் அதற்கு இரண்டு கதவு. ‘நாங்கள்’ என்று சொன்னால் பேசுகிறவர்கள் மட்டும். கேட்கிறவர்கள் வெளியே நின்றுகொள்ளலாம். ‘நாம்’ என்று சொன்னால் ஒருத்தரும் வெளியே நிற்க முடியாது. இத்தனை நாள் நல்லதோ கெட்டதோ, ‘நாங்கள்’ என்றுதான் அவள் சொல்லிவந்தாள். எங்கேயோ கடலுக்கு அந்தப்பக்கம் அழிந்துபோன ஒரு ஊர்ப்பெண்கள். அவர்கள் துக்கம் அவர்களுக்கு.

அங்கயற்கண்ணி மைக்கை இரண்டு கையாலும் பிடித்தாள்.

“இதுக்கு முந்தி நான் சொன்னதெல்லாம் பொய். இன்னைக்குச் சொல்லுறது அவங்க சொல்லுறது. கேட்டுக்கோங்க. ‘மேலே இருப்பது விழப்போகிறது. நமக்குத் தெரியும். மூன்றாம் தூணை நாம் தினமும் பார்த்தோம், பார்த்துவிட்டுக் குனிந்து நம் காலைப் பார்த்துக்கொண்டோம். நாம் நன்றி என்று சொல்லிக்கொண்டோம், அது பயம். நம் குழந்தைகளை அதன் நிழலில் உட்காரவைத்துப் பாடச் சொல்லிக்கொடுத்தோம்.’”

பால்வாடிப் பாட்டு மட்டும் கேட்டது. பிறகு சத்தம் கிளம்பியது. “ஏட்டி, தண்ணி தந்தவருக்கு இதா மரியாதை?” என்று ஒரு கிழவர் எழுந்தார். யாரோ மைக் வயரைப் பிடுங்கினார்கள். திருமலைக்கொழுந்து முகம் வெளிறி, “டீச்சர், நீங்க படிச்சவங்க. எழுதி வச்சிருக்கா? ஆதாரம் இருக்கா?” என்றார்.

“நான் இருக்கேன் அண்ணாச்சி” என்றார் பூவலிங்கம். மைக் இல்லாமலேயே அவர் குரல் எல்லாருக்கும் கேட்டது. “அது உவர் மணல். உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கையெழுத்து என்னோடது. யாரு கேட்டாலும் எழுதித் தாரேன். இன்னைக்கு மோட்டாரப் போடாதீங்க.”

திருமலைக்கொழுந்து நாற்காலியில் உட்கார்ந்தார். போடுங்கள் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கூட்டம் அவரையும் ஓவர்சியரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றதே தவிர, ஒரு ஆளும் அசையவில்லை. அசைந்தவள் உச்சிமாகாளி. பால்வாடிக்குள் போய் இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று என்று பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். வந்த வழியில் பன்னிரண்டு பேரும் வழக்கம்போல் குறுக்கே நின்றார்கள்.

“சொன்னது போதும், நின்னது போதும். இந்தா, பிடி!” என்று ஒரு பிள்ளையை முன்னால் நின்றவள் நெஞ்சில் வைத்து அழுத்தினாள்.

அந்தப் பெண் பிடித்துக்கொண்டாள். மற்ற பதினோரு பேரின் கைகளும் தொங்கிக்கொண்டிருக்க, அவள் கை மட்டும் மடங்கியிருந்தது. பிள்ளை வீறிட்டது. அவள் ஒன்றும் புரியாமல் அதைப் பார்த்து, “ஷ்ஷ்” என்றாள். அது ஒரு ஆள் சத்தம். கூட்டம் அதைக் கேட்டது. அவள் திரும்பிச் சாலையைத் தாண்டி, தொட்டியின் நிழல் முடிகிற இடத்துக்கு நடந்தாள். அவளுக்குப் பின்னால் செண்பகம் ஒரு பிள்ளையைத் தூக்கினாள், சப்பாணிமுத்து அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்தான், அதற்குப் பிறகு யார் யாரைத் தூக்கினார்கள் என்று சொல்ல முடியாது. உச்சி வெயில் ஏறுவதற்குள் பால்வாடி, டீக்கடை, ஆட்டோ ஸ்டாண்ட் எல்லாம் காலி. வால்வைத் திறந்துவிட்டார்கள். தொட்டித் தண்ணீர் தெருவெல்லாம் ஓடிக் குளத்தில் சேர்ந்தது. பெண்கள் அதைப் பார்த்துக்கொண்டே வாயில் முந்தானையை வைத்து அழுதார்கள்.

மறுநாள் பதினொன்று இருபது பஸ்ஸில் பதினோரு பேர் ஏறிப் போனார்கள். பிள்ளையைத் தூக்கியவள் போகவில்லை. நாடகத்தில் அவளுக்குப் பேர் எழுதியிருக்கவில்லை. பால்வாடிப் பிள்ளைகள் ‘மொட்டைச்சித்தி’ என்று கூப்பிட்டன, முடி வளர்ந்த பிறகும் அதுவே நிலைத்தது. கோடவுனுக்கு மாற்றிய பால்வாடியில் அவள் உச்சிமாகாளிக்கு ஒத்தாசையாக இருந்துகொண்டு, பிள்ளைகளிடம் ஒவ்வொரு சொல்லாகத் தமிழ் கற்றாள்.

ஊர் டீச்சரை உடனே மன்னித்துவிடவில்லை. பெண்கள் மறுபடி மூன்று மைல் நடந்தார்கள். குடத்தோடு அங்கயற்கண்ணியும் நடந்தாள், முன்னால் போகிறவர்களும் பேசமாட்டார்கள், பின்னால் வருகிறவர்களும் பேசமாட்டார்கள். பூவலிங்கம் எழுதிக் கொடுத்தார்; விசாரணைக்கு அவரும் திருமலைக்கொழுந்தும் ஒரே பஸ்ஸில், வேறு வேறு சீட்டில் உட்கார்ந்து போய்வந்தார்கள். தொட்டியை இடிக்கும் உத்தரவு வரவேண்டியிருந்தது. அதுவரைக்கும் சுற்றிலும் கயிறு கட்டி, கயிற்றுக்கு வெளியே ஒரு நாற்காலியைப் போட்டு, பிள்ளைகளையும் ஆடுகளையும் விரட்டிக்கொண்டு பகல் முழுக்க பூவலிங்கம் உட்கார்ந்திருந்தார். யாரும் அவரை உட்காரச் சொல்லவில்லை.

தை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் மூன்று மணிக்கு மூன்றாம் தூண் மடங்கியது. மலை உட்கார்ந்ததுபோல் ஒரு சத்தம். வீட்டுக்குள் இருந்தவர்கள் தெருவுக்கு வந்தார்கள், தெருவில் இருந்தவர்கள் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினார்கள், வந்தவர்கள் எல்லாரும் சாலையோரத்தில் வரிசையாக நின்றுவிட்டார்கள். தொட்டி இருந்த இடத்தில் வானத்துக்கும் பூமிக்குமாகப் புழுதி நின்றது. நாற்காலி தெரியவில்லை. அங்கயற்கண்ணியும் அந்த வரிசையில் நின்றாள். காலை எடுத்து வைக்க முடியவில்லை.

வரிசையிலிருந்து ஒருத்தி மட்டும் பிரிந்தாள். “யாரு உள்ள?” என்று தமிழில், தனிக்குரலில் கத்திக்கொண்டு, பதிலுக்கு நிற்காமல் மொட்டைச்சித்தி புழுதிக்குள் ஓடினாள். அவள் சேலை மறைந்த பிறகுதான் அங்கயற்கண்ணிக்குக் கால் வந்தது. அவளும் ஓடினாள்.

சாலைக்கு அந்தப்பக்கம், வேப்பமர மூட்டில், தலை முதல் கால் வரை வெள்ளையாகப் பூவலிங்கம் உட்கார்ந்திருந்தார். மிரண்டு திமிறும் ஒரு ஆட்டுக்குட்டியைக் காதோடு பிடித்திருந்தார். முழங்கையில் ரத்தம். மொட்டைச்சித்தி அவர் முன்னால் மண்டியிட்டிருந்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை, பெண்டாட்டியைப் பார்க்கவில்லை, புழுதியையே பார்த்துக்கொண்டு ஒன்றைத்தான் கேட்டார்:

“உள்ள யாரும் இல்லல்லா? நல்லாப் பாத்தியளா? யாரும் இல்லல்லா?”

மொட்டைச்சித்தி தனக்குத் தெரிந்த தமிழைத் தேடி எடுத்தாள். “இல்லை. நான் பாத்தேன். யாரும் இல்லை” என்றாள்.

அப்போதுதான் பூவலிங்கம் ஆட்டுக்குட்டியை விட்டுவிட்டு அழுதார்.